1848: தோத்துப்போன வருஷமா, ஜெயிச்ச வருஷமா?

ராயபுரம் ரீடர்

ரொம்ப நாளா இதப் பத்தி பேசணும்னு இருந்தேன். 1848ன்னாலே நம்ம பாடப்புத்தகத்துல ஒரே வரிதான் இருக்கும், ஐரோப்பா முழுக்க புரட்சி வந்துச்சு, எல்லாம் தோத்துப்போச்சு, அவ்ளோதான். எனக்கு அந்த ரெண்டாவது பாதி சுத்தமா ஒப்பலை.

ஜனவரி 12 சிசிலில பலெர்மோல ஆரம்பிக்குது. பிப்ரவரில பாரிஸ். அங்க அப்போ கூட்டம் போட தடை, அதனால விருந்துன்னு பேர் வெச்சு அரசியல் கூட்டம் போட்டுட்டு இருந்தாங்க, ஓட்டுரிமை கேட்டு. பிப்ரவரி 22 நடக்க வேண்டிய விருந்தையும் தடை பண்ணாங்க, ஜனம் ரோட்டுக்கு வந்துடுச்சு, 23 ராத்திரி பட்டாளம் சுட்டதுல அம்பது பேர் கிட்ட செத்தாங்க, அந்தப் பொணங்கள வண்டில ஏத்தி ஊர் பூரா தீப்பந்தம் புடிச்சு இழுத்துட்டுப் போனாங்க. மறுநாளே ராஜா லூயி பிலிப் முடிய துறந்துட்டாரு, கொஞ்ச நாள்ல மிஸ்டர் ஸ்மித்துங்கிற பேர்ல இங்கிலாந்துக்கு கப்பல் ஏறிட்டாரு. மூணே நாள்ல முடி போச்சு!

மார்ச் 13 வியன்னால மெட்டர்னிக் ஓடுறான், நாப்பது வருஷமா ஆஸ்திரியாவோட வெளிநாட்டு விவகாரத்த கைல வெச்சிருந்த ஆளு. மார்ச் 15 புடாபெஸ்ட்டு. 18 பெர்லின், மிலான் ரெண்டும் ஒரே நாள். பெர்லின்ல ராஜாவ, பட்டாளம் சுட்டுக் கொன்னவங்களோட உடம்புங்க முன்னாடி தொப்பிய கழட்டி நிக்க வெச்சாங்க ஜனங்க. ஒரு ராஜா, ஜனங்களோட பொணத்துக்கு முன்னாடி! அத யாரால அழிக்க முடியும்?

சரி, அடுத்த வருஷத்துக்குள்ள முக்காவாசி ராஜாங்க திரும்பி வந்துட்டாங்க, அது நெஜம். ஆனா திரும்பி வராதது எதுன்னு பாருங்க. ஆஸ்திரியாலயும் ஹங்கேரிலயும் பண்ணையடிமை முறை போனது போனதுதான். பிரெஞ்சு காலனிங்கள்ல அடிமைமுறை போனது போனதுதான். லட்சக்கணக்கான ஜனங்க காலைல எழுந்தா வேற ஒருத்தன் சொத்து இல்ல. இதத் தோல்வின்னு எப்படிய்யா எழுதுறாங்க?

கொங்குநாட்டான்

நல்ல இழைங்க. ஆனா முழுசா ஒத்துக்க முடியாதுங்க.

பாரிஸ்ல பிப்ரவரில ஜெயிச்சவிய யாரு, ஜூன்ல செத்தவிய யாருன்னு பாருங்க. வேலை இல்லாத தொழிலாளிகளுக்காக தேசியப் பட்டறைன்னு ஒண்ணு ஆரம்பிச்சாங்க, ஒரு லட்சம் பேருக்கு மேல சேர்ந்துட்டாங்க, கிட்டத்தட்ட நம்மூரு நூறு நாள் வேலை மாதிரிதானுங்க. கிராமத்து விவசாயி மேல வரியப் போட்டு அந்த செலவ ஓட்டுனாங்க, அதனால கிராமமே பாரிஸ் மேல கடுப்பாயிருச்சு. ஏப்ரல்ல எல்லா ஆம்பளைக்கும் ஓட்டு, ரெண்டரை லட்சமா இருந்த வாக்காளர் ஒரேயடியா 90 லட்சம், ஆனா அந்த ஓட்டு போட்டு வந்த சபைதான் ஜூன்ல பட்டறைய மூடுச்சு. 23ல இருந்து 26 வரைக்கும் நாலு நாள் தெருச்சண்டை. குடியரசுக்கு சண்ட போட்ட அதே தொழிலாளியவே குடியரசு பீரங்கி வெச்சு அடிச்சுதுங்க. சமாதானம் பேசப் போன பாரிஸ் பேராயரும் குண்டடி பட்டு செத்தாரு. ஆயிரக்கணக்குல பேர அல்ஜீரியாவுக்கு நாடு கடத்துனாங்க.

டிசம்பர் 10 ஜனாதிபதி தேர்தல்ல யாரு ஜெயிச்சா? நெப்போலியனோட அண்ணன்தம்பி மகன் லூயி நெப்போலியன். பத்துல ஏழு ஓட்டுக்கு மேல. மூணு வருஷத்துல குடியரசையே கவுத்துப்புட்டாரு. இதுக்கு ஜெயிப்புன்னு பேரு வைக்க எனக்கு மனசு வரலைங்க.

ராயபுரம் ரீடர்

கொங்குநாட்டான் அண்ணே, ஜூன் பத்தி நீங்க சொன்னது ஒவ்வொண்ணும் சரி. ஆனா பாரிஸ மட்டும் பாத்து வருஷத்த எடை போடக் கூடாதுன்னுதான் சொல்றேன். வியன்னா நாடாளுமன்ற சபைல ஜூலை 24 ஹான்ஸ் குட்லிக்னு ஒரு பையன், விவசாயி வீட்டுப் புள்ள, வயசு 24, அந்த சபையிலயே இளவட்டம், எழுந்து பண்ணைக் கடமை எல்லாத்தையும் ரத்து பண்ணணும்னு தீர்மானம் கொண்டு வந்தான். செப்டம்பர் 7 சட்டம் ஆயிடுச்சு. அதுவரைக்கும் அங்க விவசாயி வாரத்துல இத்தன நாளு ஜமீன் நெலத்துல சும்மா உழைக்கணும், அவன் மேல வழக்கு வந்தா அந்த ஜமீன்தாரே நீதிபதி! அதெல்லாம் முடிஞ்சது. நஷ்டஈடு கணக்கு வந்தப்போ பெரும்பாலான பகுதில மூணுல ஒரு பங்கு விவசாயி, ஒரு பங்கு அரசு, மிச்ச ஒரு பங்கு ஜமீன்தாருக்கு நாமம்.

குட்லிக்குக்கு அப்புறம் மரண தண்டனை போட்டாங்க, அவன் அமெரிக்காவுக்குப் போயி டாக்டரா வாழ்ந்தான். சக்ரவர்த்தி ஆட்சி திரும்ப வந்தும் அவன் கொண்டு வந்த சட்டத்த மட்டும் தொடல. தொட்டா கோடிக்கணக்கான விவசாயி மறுபடி கெளம்புவான்னு அவங்களுக்குத் தெரியும்.

திண்ணைப் படிப்பு

மிலான் கதைய யாரும் சொல்லலையே. எனக்கு அந்த வருஷத்துலயே புடிச்சது அதான். இத்தாலில இருக்கற மிலான் அப்போ ஆஸ்திரியா கைல. ஆஸ்திரியா அரசுக்கு புகையிலை ஏகபோகம், அந்த வரிப்பணம் நேரா வியன்னா போகும். 1848 ஜனவரி 1ல இருந்து மிலான் ஜனங்க ஊரோட சுருட்டு புடிக்கறத நிறுத்திட்டாங்க. ஆஸ்திரியா சிப்பாய்ங்க வேணும்னே வாயில சுருட்ட வெச்சுகிட்டு ஜனங்க மூஞ்சில புகைய விட்டுட்டே தெருவுல சுத்தினாங்க. 3ஆம் தேதி கைகலப்பு ஆயி சிப்பாய்ங்க கத்திய உருவிட்டாங்க, ஆள் செத்தாங்க. மார்ச்ல அதே ஊரு அஞ்சு நாள் சண்டை போட்டு ஆஸ்திரியா தளபதி ராடெட்ஸ்கியோட படைய ஊர விட்டே வெளியேத்துச்சு. உப்பு சத்தியாகிரகத்துக்கு 82 வருஷம் முன்னாடி!

மாத்தளை ரோட்

இழைய பாத்துட்டே இருந்தேன், ஐரோப்பாவோட நிறுத்திறாதீங்க. எங்க ஊருக்கும் அது 1848தான்.

சிலோன் கவர்னர் டொரிங்டன் 1847ல வந்தவரு. அந்த நேரம் பார்த்து கோப்பி விலை விழுந்து கஜானா காலி, அதனால கண்டபடி வரி. துப்பாக்கி வச்சிருந்தா வருஷத்துக்கு ரெண்டரை ஷில்லிங், நாய்க்கு வரி, கடைக்கு வரி. எல்லாத்துக்கும் மேல ரோட்டுச் சட்டம், வருஷத்துக்கு ஆறு நாள் ரோட்டு வேலை செய், இல்லாட்டி மூணு ஷில்லிங் கட்டு. பிக்குமாரையும் அதுல சேர்த்ததுதான் பெரிய பிரச்சினையா போச்சு. கோப்பிய கொழும்புக்கு இறக்கத்தான் அந்த ரோடெல்லாம் வேணும், லாபம் துரைமாருக்கு, முதுகு கிராமத்தானுக்கு.

இப்ப ராயபுரம் அண்ணன் சொன்ன பாரிஸுக்கும் இதுக்கும் நேர் தொடர்பு இருக்கு. கொழும்பு ஒப்சேர்வர் பத்திரிகைய நடத்தினவரு எலியட்னு ஒரு ஐரிஷ் டாக்டர். ஜூலை மாசம் அவரு பத்திரிகைல ஒரு கடிதம் வந்துச்சு, பிரான்ஸ்ல ஜனங்க ராஜாவ அனுப்பிட்டாங்க, நீங்களும் வரிக்கு எதிரா நில்லுங்கங்கிற மாதிரி, அத சிங்களத்துலயும் போட்டு பரப்பினாங்க. ஜூலை 6 கண்டி கச்சேரி, அதாவது அரசாங்க அலுவலகம், அதுக்கு முன்னுக்கு பெரிய கூட்டம். 26ஆம் தேதி தம்புள்ளை விகாரைல கொங்காலேகொட பண்டாவுக்கு முடி சூட்டினாங்க. ரெண்டு நாள்ல மாத்தளை கச்சேரிய உடைச்சு வரிப் புத்தகங்கள அழிச்சாங்க. அந்தப் புத்தகத்துலதானே அவங்க பேரு கடனாளியா எழுதியிருந்துச்சு.

அப்புறம் ராணுவச் சட்டம். கலகத் தலைவர்கள்ல ஒருத்தரான புரன் அப்புவ ஆகஸ்ட் 8 கண்டில சுட்டாங்க. ஒரு பிக்குவ காவி உடையோடயே சுட்டாங்க, அது இன்னமும் ஆறாத கதை. ராணுவ நீதிமன்றம் மட்டும் 18 பேர சுட்டுது. பண்டாவ மலாக்காவுக்கு நாடு கடத்தினாங்க. லண்டன் பார்லிமென்ட்ல விசாரணைக் கமிட்டி உட்கார்ந்து 1850ல டொரிங்டன திருப்பி அழைச்சாங்க. ரோட்டுச் சட்டம் மட்டும் அப்படியே நின்னுச்சு.

திண்ணைப் படிப்பு

மாத்தளை ரோட், அந்த நேரத்துல தோட்டத்துல நம்ம ஜனங்க இருந்தாங்களா?

மாத்தளை ரோட்

இருந்தாங்க அக்கா. ஆனா இப்ப மாதிரி லயத்துல, அதான் தோட்டத்து வரிசை வீட்ல, குடும்பமா நிலைச்சவங்க கொறைவு, அது தேயிலை வந்த பிறகு. கோப்பிக்காலத்துல கங்காணிக்குப் பின்னால கூட்டமா ராமேஸ்வரம் பக்கத்துல கடல் கடந்து மன்னார்ல இறங்கி, காட்டுக்குள்ள நடந்தே மாத்தளைக்கு வருவாங்க, பழம் பறிச்சு முடிஞ்சதும் திரும்பி நடப்பாங்க. தண்ணி கெடைக்காது, வாந்திபேதி, காய்ச்சல். வழியிலயே செத்தவங்க பல்லாயிரம்னு அந்தக் காலத்துப் பத்திரிகைங்களே எழுதிச்சு. 1847, 48ல கோப்பி விழுந்தப்ப எத்தனையோ தோட்டம் கைமாறிச்சு, துரை ஓடிட்டா கூலிக்காரன் சம்பளத்துக்கு யாருகிட்ட போவான்? மாத்தளைக் கலகத்த எழுதுறவங்க சிங்கள விவசாயியோட வரிய எழுதுவாங்க, எழுதணும், ஆனா அதே ரோட்டோரத்துல விழுந்து கெடந்தவங்களுக்கு ஒரு வரி கூட ஒதுக்கறதில்ல. மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலுக்குப் போறப்ப எனக்கு அந்த நடையா நடந்தவங்க நெனப்புதான்.

காரைக்கால் காத்து

ராயபுரம் சார் எழுதுன அடிமைமுறை விஷயம் எங்க ஊருக்குள்ளயும் வந்து முடியுது, அதனால கொஞ்சம் நீட்டமாவே எழுதுறேன்.

ஏப்ரல் 27 பாரிஸ்ல ஆணை. அதுக்குப் பின்னாடி நின்னவரு அடிமைமுறைய எதிர்த்த விக்டர் ஷூல்ஷேர். ஏறக்குறைய ரெண்டரை லட்சம் பேருக்கு விடுதலை. ஆனா அது காகிதம்தான், கப்பல்ல போய்ச் சேரணும், சேர்ந்து ரெண்டு மாசம் கழிச்சுதான் அமல்னு வேற எழுதியிருந்தாங்க. கரீபியன் கடல்ல இருக்கற மார்த்தினிக் தீவுல ஜனங்க அந்தக் கப்பலுக்காகக் காத்திருக்கல. மே 20 அங்க ரொமேன்னு ஒரு அடிமைய புடிச்சு சிறையில போட்டாங்க. என்ன குத்தம்? மரவள்ளிக்கிழங்கு துருவும்போது கூட மேளம் அடிக்கிறது அங்க வழக்கம், வேலை அலுப்பு தெரியாம இருக்க. முதலாளி அடிக்கக் கூடாதுன்னு சொல்லியும் அவரு அடிச்சாரு. அவ்ளோதான். சேன்-பியேர் ஊர்ல சிறை முன்னாடி கூட்டம் கூடிடுச்சு, அவர வெளில விட வெச்சாங்க, 22ஆம் தேதி துப்பாக்கிச்சூடு, தீவைப்பு, பெரிய கலவரம். 23 கவர்னர் வேற வழியில்லாம அப்பவே விடுதலைன்னு அறிவிச்சுட்டாரு. பாரிஸ் ஆணை ஜூன்லதான் கரைக்கு வந்துச்சு! அதனாலதான் மார்த்தினிக்ல இன்னைக்கும் விடுதலை நாள் மே 22, ஏப்ரல் 27 இல்ல. அவங்க சுதந்திரத்த அவங்களே எடுத்துக்கிட்டாங்க.

இந்தியப் பெருங்கடல்ல இருக்கற பிரெஞ்சு தீவு ரீயூனியன்ல டிசம்பர் 20, அறுபதாயிரம் பேருக்கு மேல. அங்க சர்தா கரிகான்னு ஒரு ஆணையர் அக்டோபர்ல ஆணையோட வந்து எறங்கினாரு, விடுதலை நாளுக்குள்ள எல்லாரும் ஏதாவது ஒரு முதலாளியோட வேலை ஒப்பந்தம் போட்டு வெச்சிருக்கணும்னு கட்டாயப்படுத்தினாரு. 1849ல நஷ்டஈடு சட்டம் வந்துச்சு, பணம் யாருக்கு? அடிமை வெச்சிருந்தவனுக்கு. உழைச்சவனுக்கு ஒரு பிராங்க் கெடையாது.

இனிமேத்தான் நம்ம கதை. விடுதலையானவங்க நெறைய பேரு கரும்புக் காட்டுப் பக்கமே திரும்பல, யாரு திரும்புவா? கரும்பு வெட்ட ஆள் வேணும். எங்க ஆள் கெடைக்கும்? அப்போ பிரெஞ்சு கைல இருந்த பாண்டிச்சேரி, காரைக்கால். 1853ல ஒரேலிங்கிற கப்பல் எங்காளுங்கள ஏத்திக்கிட்டு மார்த்தினிக் போச்சு, 1854ல அதே கப்பல் பக்கத்து பிரெஞ்சு தீவு குவாதலூப்புக்கு. அஞ்சு வருஷ ஒப்பந்தம். அடுத்த முப்பது வருஷத்துல குவாதலூப்புக்கு 42,000 பேர் கிட்ட, மார்த்தினிக்குக்கு 25,000 பேர் கிட்ட. பிரிட்டிஷ் பக்கத்து மாவட்டத்துல இருந்தும் ஏகப்பட்ட பேரு வந்து நம்ம துறைமுகத்துல ஏறுனாங்க. திரும்பி வந்தவங்க கொஞ்சம்தான். இன்னைக்கும் அங்க மாரியம்மனுக்கு, மதுரைவீரனுக்குக் கும்புடு போடுறாங்க, பேசுற மொழி போயிடுச்சு, சாமி போகல.

ஒரு பக்கம் அந்த விடுதலை எனக்கு மனசு நெறைய சந்தோஷம் குடுக்குது, இன்னொரு பக்கம் அந்த விடுதலையோட ஓட்டைய அடைக்க எங்க ஊரு ஆளுங்களத்தான் கொண்டு போனாங்கங்கிறதும் கண்ணு முன்னாடி நிக்குது. ரெண்டையும் சேர்த்துதான் நான் 1848அ படிக்கிறேன்.

கொங்குநாட்டான்

காரைக்கால் காத்து, உங்க பதிவ ரெண்டு தடவ படிச்சேனுங்க. நான் சொல்ல வந்ததுக்கு இதவிட நல்ல ஆதாரம் இல்ல. பேரு மாறுது, சங்கிலி வேற ரூபத்துல வருது.

காரைக்கால் காத்து

இல்லண்ணே, அங்கதான் நான் உங்ககிட்ட இருந்து விலகுறேன். ஒப்பந்தக்கூலி கொடுமைதான், வார்த்தையே இல்ல. ஆனா அவன விக்க முடியாது. அவன் பெத்த புள்ள முதலாளி சொத்து இல்ல. அந்தக் கோடு 1848ல விழுந்துச்சு, அதுக்கப்புறம் அத யாராலயும் அழிக்க முடியல. அடிமையா இருந்தவங்ககிட்ட அந்த வித்தியாசம் ஒண்ணுமில்லன்னு சொல்ல முடியுமா?

வார்டு அக்கா

அரசியல் இழைக்குள்ள ஒரு ஆஸ்பத்திரி விஷயம் சொல்லலாமா. நான் பிரசவ வார்டுல வேலை பாக்குறவ, எங்களுக்கு 1848ன்னா டாக்டர் செம்மல்வைஸ்தான்.

வியன்னா பெரிய ஆஸ்பத்திரில ரெண்டு பிரசவப் பிரிவு. ஒண்ணுல டாக்டருக்குப் படிக்கிற பசங்க, இன்னொண்ணுல மருத்துவச்சிங்க. பசங்க பிரிவுல பிரசவக் காய்ச்சல்ல தாய்ங்க சாகறது எக்கச்சக்கம், 1847 ஏப்ரல்ல மட்டும் நூத்துக்கு 18 பேரு. வெளிய தெருவுல பெத்துக்கிட்டாலும் பரவால்ல, அந்தப் பிரிவுக்கு மட்டும் அனுப்பாதீங்கன்னு பொம்பளைங்க கால்ல விழுவாங்களாம். காரணம் என்னன்னா பசங்க காலைல பொணத்த அறுத்துப் படிச்சுட்டு அதே கையோட வந்து பிரசவம் பாக்குறாங்க. அத கண்டுபுடிச்சவரு செம்மல்வைஸ்தான். குளோரின் சுண்ணாம்புத் தண்ணில, நம்ம ப்ளீச்சிங் பவுடர் வகைதான் அது, கை கழுவாம யாரும் உள்ள வரக் கூடாதுன்னு 1847 மே மாசம் உத்தரவு போட்டாரு. கிருமிங்கிற பேச்சே இல்லாத காலம் அது. 1848 முழு வருஷத்துக்கும் சாவு நூத்துக்கு 1.27. மார்ச்லயும் ஆகஸ்ட்லயும் ஒரு தாய் கூட சாகல. மார்ச் 13 வெளிய தெருவுல துப்பாக்கி, உள்ள அந்த மாசம் பூரா ஒரு சாவு இல்ல!

அவரு ஹங்கேரிக்காரரு, புரட்சி பக்கம் சாய்ஞ்சவரு, மேலதிகாரி பழமைவாதி. 1849 மார்ச்ல அவரோட வேலைய நீட்டிக்கல. புரட்சி அடங்குன கையோட அவரையும் அனுப்பிட்டாங்க. பிரசவக் காய்ச்சல் அதுக்கப்புறமும் எத்தனை வருஷம் தாய்ங்கள கொண்டு போச்சுன்னு நெனச்சா இன்னைக்கும் எனக்கு ஆத்திரம் தாங்கல. ஒரு நர்ஸா சொல்றேன், தோத்துப்போனது யாருன்னு கேட்டா அந்தத் தாய்ங்கதான்.

ராயபுரம் ரீடர்

அக்கா, இது எனக்குத் தெரியவே தெரியாது. அந்த மார்ச் மாசத்த இனி வேற மாதிரிதான் படிப்பேன். ரொம்ப நன்றி.

குரூப் டூ கனவு

எல்லாருக்கும் வணக்கம், பரீட்சைக்கு படிச்சுட்டு இருக்கேன், இந்தியாவுல 1848ல என்ன என்ன நடந்துச்சுன்னு யாராவது சொன்னா உதவியா இருக்கும். டல்ஹௌசி மட்டும்தான் எனக்குத் தெரியும்.

திண்ணைப் படிப்பு

தம்பி, டல்ஹௌசி கவர்னர் ஜெனரலா ஜனவரி 12 பொறுப்பேத்தாரு, பலெர்மோ வெடிச்ச அதே நாள். ஏப்ரல்ல சதாரா ராஜா இறந்ததும் தத்துப்புள்ள செல்லாதுன்னு வாரிசு இழப்புக் கொள்கைய வெச்சு அந்த சமஸ்தானத்த எடுத்தாரு, அந்தக் கொள்கைல அவரு எடுத்த மொத சமஸ்தானம் அதான். அதே ஏப்ரல்ல முல்தான்ல ரெண்டு வெள்ளைக்கார அதிகாரிங்க கொல்லப்பட்டாங்க, அது ரெண்டாவது சீக்கியப் போரா முத்தி 1849ல பஞ்சாப் கம்பெனி கைக்குப் போச்சு. பரீட்சைக்கு இது போதும்.

ஆனா என்னைக் கேட்டா அந்த வருஷத்து இந்தியாவுல பெரிய விஷயம் புனேல நடந்துச்சு. பிடே வாடாங்கிற வீட்ல ஜோதிராவ் புலேயும் சாவித்ரிபாயும் பொண்ணுங்களுக்குப் பள்ளிக்கூடம் ஆரம்பிச்சாங்க. அவருக்கு வயசு 21, அந்தம்மாவுக்கு 17. பாடம் சொல்லிக்குடுக்கப் போறப்ப தெருவுல சாணியும் சேறும் அடிப்பாங்கன்னு மாத்திக்க இன்னொரு பொடவைய கையோட எடுத்துட்டுப் போவாங்கன்னு சொல்றது வழக்கம். மறு வருஷம் சொந்த வீட்லயே அவங்கள வெளிய அனுப்பிட்டாங்க. அதே 1848 ஜூலை 19, 20 அமெரிக்காவுல செனிக்கா ஃபால்ஸ்ல 300 பேர் கூடி பொம்பளைங்களுக்கு ஓட்டுரிமை வேணும்னு தீர்மானம் போட்டாங்க. அந்த ஓட்டுத் தீர்மானத்துக்கு மட்டும் கூட்டத்துக்குள்ளயே எதிர்ப்பு, அப்போ எழுந்து அதுக்காக வாதாடினவரு அடிமையா பொறந்து தப்பி வந்த ஃப்ரெடரிக் டக்ளஸ். கையெழுத்துப் போட்ட நூறு பேர்ல சார்லட் உட்வர்டுன்னு ஒரே ஒரு பொண்ணுதான் 1920ல ஓட்டுரிமை சட்டம் வர்றப்ப உயிரோட இருந்தாங்க. 72 வருஷம்! புனேலயும் செனிக்கா ஃபால்ஸ்லயும் ஒருத்தருக்கொருத்தர் இருக்கறதே தெரியாது.

குரூப் டூ கனவு

ரொம்ப நன்றி அக்கா, கலிபோர்னியா தங்கமும் அதே வருஷம்தானே?

கொங்குநாட்டான்

ஆமா தம்பி. ஜனவரி 24 சட்டர் மரமில்லு வாய்க்கால்ல மார்ஷல்னு ஒரு தச்சரு கண்ணுல தங்கம் பட்டுச்சு. பிப்ரவரி 2 மெக்சிகோ கலிபோர்னியா உட்பட பெரும் நெலத்த அமெரிக்காவுக்கு எழுதிக் குடுத்துச்சு, கைக்கு வந்தது ஒன்றரைக் கோடி டாலர். தங்கம் கெடச்சு ஒம்போது நாள் ஆயிருச்சு, கையெழுத்துப் போட்ட ரெண்டு பக்கத்துக்கும் சேதி தெரியாது. தெரிஞ்ச பொறவு வந்த கூட்டத்துல அழிஞ்சது அந்த மண்ணோட பூர்வகுடிங்க. 1848ல ஒன்றரை லட்சம் இருந்தவிய 1870ல முப்பதாயிரம் ஆயிட்டாங்க. நோய், பட்டினி, நேராவே சுட்டுக் கொன்னதும் உண்டு, அதுக்கு அரசாங்கமே காசு குடுத்துச்சு. ராயபுரம், உங்க கணக்குல இதையும் எழுதிக்கோங்க.

ராயபுரம் ரீடர்

எழுதிக்கிறேண்ணே, எழுதத்தான் வேணும். ஆனா பட்டியல்ல இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கமும் இருக்கு. சுவிட்சர்லாந்துல செப்டம்பர் 12 வந்த அரசியல் சட்டம் நெலச்சுடுச்சு, இன்னைக்கு அவங்க நாட்டோட அடித்தளம் அதான். நெதர்லாந்துல ராஜா சண்ட இல்லாமலே அதிகாரத்த சபைக்கு விட்டுக்குடுத்தாரு. டென்மார்க்ல தனி ராஜ அதிகாரம் முடிஞ்சுது. பியட்மாண்ட்ல மார்ச் மாசம் குடுத்த சட்டம்தான் பின்னாடி மொத்த இத்தாலிக்கும் சட்டம், நூறு வருஷம் ஓடிச்சு. ஜெர்மனில தோத்து ஓடுன கார்ல் ஷுர்ஸ் அமெரிக்காவுல அடிமைமுறைக்கு எதிரான போர்ல ஜெனரலா சண்டை போட்டாரு. அவர மாதிரி ஆயிரக்கணக்குல பேரு.

மாத்தளை ரோட்

லண்டன் மட்டும் எப்படி தப்பிச்சுது? அதையும் சொல்லுங்க, எங்கள ஆண்டவங்க அவங்கதானே.

ராயபுரம் ரீடர்

லண்டன்ல ஏப்ரல் 10 சார்ட்டிஸ்ட் தொழிலாளிங்க கென்னிங்டன் மைதானத்துல கூடினாங்க, எல்லா ஆம்பளைக்கும் ஓட்டு வேணும்னு மனு. அரசாங்கம் எவ்ளோ பயந்துச்சுன்னா விக்டோரியா ராணிய முன்னாடியே வைட் தீவுக்கு அனுப்பிட்டாங்க, வெலிங்டன் பிரபுவ பாதுகாப்புக்குப் போட்டாங்க, நடுத்தர வர்க்கத்து ஆளுங்க 85,000 பேரு கைல தடி குடுத்து தற்காலிக போலீஸ் ஆக்கினாங்க. கூட்டம் அமைதியா கலைஞ்சுது. மனுல 57 லட்சம் கையெழுத்துன்னு சொன்னாங்க, பார்லிமென்ட் எழுத்தருங்க எண்ணிட்டு 19 லட்சம்தான்னாங்க, போலி இருக்குன்னு காட்டி மொத்தத்தையும் ஒதுக்கிட்டாங்க. 19 லட்சமே சின்ன நம்பரா? அவங்க கேட்ட ஆறு கோரிக்கைல வருஷா வருஷம் தேர்தல்ங்கிற ஒண்ணு தவிர அஞ்சும் பின்னாடி சட்டமாச்சு. அந்தக் கூட்டத்த அன்னைக்கே போட்டோ எடுத்திருக்காங்க, கில்பர்ன்னு ஒருத்தரு. தேடிப் பாருங்க, கெடைக்கும். தொப்பி போட்ட தலைங்க, நடுவுல கொடி வண்டி, பின்னாடி ஆலைப் புகைபோக்கி.

அப்புறம் மாத்தளை ரோட், ஏப்ரல்ல தடியோட நிறுத்துன அதே அரசாங்கம் ஆகஸ்ட்ல உங்க ஊர்ல துப்பாக்கி எடுத்துச்சு பாருங்க. லண்டன்ல வெச்சிருந்த பொறுமை கண்டிக்கு இல்ல. டொரிங்டன் விசாரணைல சாட்சி சொன்னவங்க பத்தி, அந்த ராணுவ நீதிமன்றம் நடந்த விதம் பத்தி விவரமா உங்களுக்குத் தெரிஞ்சா தனி இழையா போடுங்க, நான் கண்டிப்பா வரேன்.

மாத்தளை ரோட்

போடுறேன் அண்ணன். குருநாகலையும் சேர்த்தே எழுதுறேன், அங்கயும் நெறைய பேரு செத்தாங்க, அதப் பத்தி பேச்சே இல்ல.